மறுமொழி வரும்வரை: புனித யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வு

செபம் செய்யாத கிறிஸ்தவக் குடும்பம் இல்லை. செபித்தும் பதில் வரவில்லையே என்று கலங்காத குடும்பமும் இல்லை. மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டுமென்று தாய் நவநாள் செய்கிறாள். வேலைக்கு மனுப் போட்டுவிட்டு மகன் ஆண்டுக் கணக்காக வழி பார்த்திருக்கிறான். குடியை விடாத கணவனுக்காக ஒரு பெண் செவ்வாய்தோறும் அந்தோனியார் பீடத்தில் மெழுகுதிரி ஏற்றுகிறாள். இறைவன் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்டதற்கும் கிடைப்பதற்கும் இடையிலுள்ள அந்த நீண்ட காலத்தில் நாம் என்ன செய்வது? கை கட்டி உட்கார்ந்திருப்பதா? மனம் கசந்து கோவிலை விட்டு விலகுவதா?

இந்தக் கேள்விக்குத் தமது வாழ்க்கையாலேயே விடை சொல்லிச் சென்ற ஒரு குருவானவரை இவ்விழா மலரில் நினைவுகூர்வது பொருத்தமாயிருக்கும். அவர் இந்திய மண்ணில் பிறந்தவர், தூத்துக்குடியில் கப்பலேறியவர், யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிராமங்களில் இரவிரவாய் நடந்து திரிந்தவர், கண்டி மலைநாட்டில் உயிர் நீத்தவர். இலங்கையின் அப்போஸ்தலர் என்று திருச்சபை போற்றும் புனித யோசப் வாஸ் அடிகளாரே அவர்.

கோவா தந்த குரு

1651-ம் ஆண்டு ஏப்ரல் 21-ம் நாள் கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரில் யோசப் வாஸ் பிறந்தார். தந்தை கிறிஸ்தோபர் வாஸ், தாய் மரியா மிராண்டா. பெற்றோர் இருவரும் பக்தியுள்ள கொங்கணிக் கத்தோலிக்கர். பெனாலிம் தாயின் ஊர். சங்குவாலே தந்தையின் ஊர். சிறுவன் இரு ஊர்களிலும் வளர்ந்து கல்வி கற்றான். பின்னர் கோவா நகரில் சேசு சபையாரின் கல்லூரியிலும் தோமினிக்கன் சபையாரின் கல்லூரியிலும் படித்து, 1676-ம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் கோவா போர்த்துக்கேயரின் ஆட்சியில் இருந்தது. சுதேசிகள் குருக்களாகலாம், ஆனால் ஐரோப்பியத் துறவற சபைகள் அவர்களைப் பொதுவாகத் தம்மோடு சேர்த்துக்கொள்வதில்லை. உயர்ந்த பொறுப்புகளும் அவர்களுக்கு எளிதில் கிட்டுவதில்லை. இளங்குரு யோசப் வாஸ் இதைக் குறித்து முறையிட்டுக்கொண்டிருக்கவில்லை. தந்தையின் ஊரில் சிறுவர்களுக்கு இலத்தீன் கற்பித்தார். பாவசங்கீர்த்தனம் கேட்டார், ஏழைகளைச் சந்தித்தார். 1677-ம் ஆண்டு ஆகஸ்ட் 5-ம் நாள் சங்குவாலே ஆரோக்கிய மாதா ஆலயத்தில், தம்மைத் தேவதாயின் அடிமை என்று எழுதிக் கையொப்பமிட்டு ஒப்புக்கொடுத்தார். அன்று எழுதிய அந்தச் சாசனத்தை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

மேய்ப்பனில்லாத மந்தை

அந்நாட்களில் கோவாவுக்கு ஒரு துயரச் செய்தி வந்துகொண்டிருந்தது. இலங்கையின் கரையோரப் பகுதிகளைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிவிட்டனர். 1656-ல் கொழும்பு வீழ்ந்தது. 1658-ல் மன்னாரும் யாழ்ப்பாணமும் வீழ்ந்தன. ஒல்லாந்தர் கால்வினிய சபையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று 1658-ம் ஆண்டிலேயே கட்டளை பிறப்பித்தனர். ஆலயங்கள் அவர்களது சபையின் கைக்கு மாறின. ஞானஸ்நானமும் திருமணமும் அவர்கள் முறைப்படியே நடந்து பதிவாக வேண்டுமென்ற நிலை வந்தது.

ஆயினும் விசுவாசம் அணைந்துவிடவில்லை. குரு இல்லை, பூசை இல்லை, நற்கருணை இல்லை. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். பிள்ளைகளுக்குத் தாய்மார் வாய்மொழியாக மந்திரங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு தலைமுறை முழுவதும் இவ்வாறு கழிந்தது. அவர்கள் மன்றாடிய மன்றாட்டு ஒன்றே ஒன்று: எங்களுக்கு ஒரு குருவை அனுப்பும் ஆண்டவரே! நாம் ஞாயிறு தவறாமல் திருப்பலி காணும் வாய்ப்புப் பெற்றவர்கள். அந்த வாய்ப்புக்காக முப்பது ஆண்டுகள் காத்திருந்தவர்களை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தச் செய்தி யோசப் வாஸ் அடிகளாரின் நெஞ்சைத் தைத்தது. ஐரோப்பியர் அங்கே சென்றால் நிறத்தைக் கண்டே பிடித்துவிடுவார்கள். ஆனால் தம்மைப் போன்ற கருநிறத்து இந்தியக் குரு ஒருவர் கூலியாளாக உள்ளே நுழையலாமல்லவா? எந்த நிறம் கோவாவில் அவரைப் பின்தள்ளியதோ, அதே நிறம் இலங்கையின் வாசலைத் திறக்கும் திறவுகோலாகும் என்று அவர் கண்டுகொண்டார். தம்மை இலங்கைக்கு அனுப்பும்படி மேலிடத்தாரிடம் வேண்டினார்.

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று

அவர் கேட்டது இலங்கை. கிடைத்ததோ கன்னட நாடு. 1681-ம் ஆண்டு மேலிடத்தார் அவரை மங்களூர் முதலிய ஊர்களுள்ள கன்னடக் கரையோரத்துக்கு மறைவட்ட முதல்வராக அனுப்பினர். அங்கே ஆட்சியுரிமை பற்றிய கடுமையான வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. போர்த்துக்கல் அரசரின் ஞானாதரவு உரிமையின்கீழ் ஒரு தரப்பு. ரோமாபுரியின் விசுவாசப் பரப்புதற் சபை நியமித்த ஆயர் தோமாஸ் தெ காஸ்ட்ரோவின்கீழ் மறு தரப்பு. யார் கொடுக்கும் அருட்சாதனம் செல்லும், யார் கொடுப்பது செல்லாது என்று மக்கள் குழம்பிக் கிடந்தார்கள்.

இலங்கைக்குப் போகத் துடித்தவரைப் பிறருடைய வழக்கின் நடுவில் கொண்டுபோய் விட்டால் எப்படியிருக்கும்? நாமாயிருந்தால் மனம் சோர்ந்திருப்போம். அடிகளார் சோரவில்லை. ஆயரை நேரில் கண்டு பணிவோடு பேசினார். இரு தரப்புக்கும் இடையே சமாதானம் தேடினார். வழக்குத் தீரட்டும், பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று அவர் இருக்கவில்லை. இடிந்த ஆலயங்களைப் பழுது பார்த்தார், பள்ளிகள் தொடங்கினார், பக்த சபைகளை ஏற்படுத்தினார். சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் நடந்தே சென்றார். மூன்று ஆண்டுகள் இவ்வாறு உழைத்து 1684-ம் ஆண்டு கோவா திரும்பினார். அவர் திரும்பிய பின்னும் கன்னட நாட்டு மக்கள் அவரை மறக்கவில்லை. இன்றும் மங்களூர்ப் பகுதியில் அவர் பெயரைச் சொல்லி மன்றாடுவோர் பலர்.

கோவாவிலும் அவருக்கு ஒரு வேலை காத்திருந்தது. சுதேசிக் குருக்கள் சிலர் பழைய கோவாவில் புதுமைச் சிலுவை ஆலயத்தில் கூடி, ஒன்றாகத் துறவு வாழ்வு நடத்த விரும்பினர். 1685-ம் ஆண்டு அடிகளார் அவர்களோடு சேர்ந்தார். அவர்கள் அவரையே தலைவராகத் தேர்ந்துகொண்டனர். புனித பிலிப்பு நேரியாரின் செப சபை ஒழுங்கை அவர்கள் ஏற்றனர். ஆசியாவில் சுதேசிக் குருக்களுக்கென்று எழுந்த முதல் துறவுக் குழு அதுவே.

இறைவனின் கை இங்கே வேலை செய்ததை நாம் கவனிக்க வேண்டும். 1681-ல் அவர் கேட்டபடியே இலங்கைக்குப் போயிருந்தால், அவருக்குப் பின்னால் உதவிக்கு வர எவரும் இருந்திருக்கமாட்டார்கள். போகாமல் தாமதித்த அந்த ஆண்டுகளில்தான், பின்னாளில் இலங்கைக்குக் குருக்களை அனுப்பப் போகும் சபை உருவாயிற்று. அதை உருவாக்கியபோது அடிகளாருக்கு இது முழுதும் தெரிந்திருக்க முடியாது. கண்முன் இருந்த வேலையைச் செய்தார், அவ்வளவே.

கூலியாள் கோலத்தில்

1686-ம் ஆண்டு அடிகளார் கோவாவை விட்டுப் புறப்பட்டார். ஜான் என்னும் இளைஞன் ஊழியனாக உடன் சென்றான். மேற்குக் கரை வழியாகப் பயணம் செய்து தூத்துக்குடியை அடைந்தனர். அந்தத் துறைமுகமும் அப்போது ஒல்லாந்தர் வசம் இருந்தது. குருவின் உடையைக் களைந்து, அரையில் துண்டு கட்டிய ஏழைக் கூலியாளாக 1687-ம் ஆண்டு அடிகளார் கடல் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார்.

முப்பது ஆண்டுகளாக மக்கள் மன்றாடிய குரு வந்துவிட்டார். ஆனால் வந்த குரு வயிற்றுக் கடுப்பால் நடக்கவும் முடியாமல் கிடந்தார்! பயணத்தின் கொடுமை அவரை வீழ்த்திவிட்டது. முன்பின் அறியாத ஊர். பேசத் தெரியாத மொழி. யார் கத்தோலிக்கர், யார் ஒற்றர் என்று தெரியாத நிலை. இரக்கமுள்ள ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே அவரைப் பிழைக்க வைத்தது என்று வழிவழியாகச் சொல்வார்கள்.

உடல் தேறியதும் மக்களைத் தேடத் தொடங்கினார். எப்படித் தேடுவது? கத்தோலிக்கர் தம்மை வெளிப்படுத்தமாட்டார்கள். குருவும் தம்மை வெளிப்படுத்த முடியாது. அடிகளார் கழுத்தில் ஒரு செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டதும் எந்த வீட்டாரின் முகம் மாறுகிறது என்று கவனித்தார். இவ்வாறு மறைந்திருந்த விசுவாசிகளை ஒவ்வொருவராகக் கண்டுகொண்டார் என்று மரபு கூறுகிறது. தமிழைக் கற்றார். பகலில் ஒளிந்திருப்பார், இரவில் திருப்பலி நிறைவேற்றுவார், ஞானஸ்நானம் கொடுப்பார், திருமணங்களை ஆசீர்வதிப்பார், விடியுமுன் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

1689-ம் ஆண்டு அவர் சில்லாலை என்னும் ஊரில் தங்கினார். விசுவாசத்தில் உறுதியான கத்தோலிக்கர் பலர் வாழ்ந்த ஊர் அது. அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், மக்கள் பூசைக்குக் கூடியிருந்த இடங்களை ஒல்லாந்தரின் சேவகர்கள் வளைத்துக்கொண்டனர். அடிகளார் அகப்படவில்லை. ஆனால் விசுவாசிகள் பலர் பிடிபட்டு, அடியும் சிறையும் தண்டமும் அனுபவித்தனர். சிலர் உயிரையே கொடுத்தனர். தம்மைக் காட்டிக் கொடுக்காமல் தம் பிள்ளைகள் பட்ட பாடு அடிகளாருக்கு எத்தனை வேதனையாயிருந்திருக்கும்!

1690-ம் ஆண்டு அவர் கண்டி அரசரின் ஆளுகைக்குட்பட்ட புத்தளம் பகுதிக்குச் சென்றார். யாழ்ப்பாணத்துப் பணி அழிந்துவிட்டதா? இல்லை. குரு இல்லாத நாளிலும் சபை நிற்கவேண்டும் என்று அவர் ஏற்கெனவே ஏற்பாடு செய்யத் தொடங்கியிருந்தார். ஊர்தோறும் நம்பிக்கைக்குரிய மூப்பர் ஒருவர், ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கவும் செபங்களை நடத்தவும் அண்ணாவியார் ஒருவர் என்று பொதுநிலை மக்களிடம் பொறுப்பை ஒப்படைத்தார். இலங்கைத் திருச்சபையைப் பின்னர் நூறாண்டுகள் தாங்கி நின்ற தூண்கள் இவர்களே. நமது பங்குகளில் உபதேசியார்கள் ஆற்றிய தொண்டை அறிந்தவர்களுக்கு இதன் அருமை நன்றாகப் புரியும்.

சிறைக்குள்ளும் வேலை

தீவின் நடுவே கண்டி அரசு ஒல்லாந்தருக்கு அடங்காமல் சுதந்திரமாயிருந்தது. அங்கே இடம் கிடைத்தால் தீவு முழுவதற்கும் சென்றுவரலாம் என்று அடிகளார் எண்ணினார். 1692-ம் ஆண்டு கண்டிக்குப் புறப்பட்டார். ஆனால் அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த கால்வினியர் ஒருவர், இவன் போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரிடம் பழி கூறிவிட்டார். நற்செய்தி சொல்ல வந்தவர் உடன் வந்தவர்களோடு சிறையில் அடைக்கப்பட்டார்.

எத்தனை மன்றாட்டுகளுக்குப் பின் எடுத்த பயணம்! அதன் பலன் சிறைச்சாலை. இவ்வேளையில்தான் அடிகளாரின் பண்பு முழுமையாக வெளிப்படுகிறது. எப்போது விடுதலை என்று எண்ணிக்கொண்டு நாட்களைக் கழிக்கவில்லை. சிறையிலேயே சிங்கள மொழியைக் கற்கத் தொடங்கினார். தப்பியோடும் எண்ணமில்லாதவர் என்று கண்டு காவலர்களும் கெடுபிடியைத் தளர்த்தினர். அங்கேயே ஒரு சிறு குடிலைச் செபக்கூடமாக அமைத்தார். உடனிருந்த கைதிகளுக்கு ஆண்டவரைப் பற்றிச் சொன்னார். கண்டியிலிருந்த கத்தோலிக்கர்கள் முதலில் தயங்கித் தயங்கியும், பின்னர் துணிந்தும் அவரைத் தேடி வந்தனர். மக்களைத் தேடிப் போக முடியாத குருவை மக்களே தேடி வந்தார்கள்.

நாளடைவில் மன்னரும் அவரது நேர்மையை உணர்ந்தார். சிறையிலிருந்து விடுவித்தார்; ஆனால் நகரை விட்டு வெளியேற அனுமதியில்லை. அதையும் அடிகளார் ஏற்று, நகரிலேயே தேவதாயின் பெயரால் ஆலயம் ஒன்று எழுப்பிப் பணிபுரிந்தார். அந்நாட்களில் கடும் வறட்சி ஏற்பட்டதென்றும், மன்னர் கேட்டுக்கொண்டபடி அடிகளார் பொதுவிடத்தில் பீடமமைத்துச் சிலுவை நாட்டி முழந்தாளிட்டு மன்றாடினார் என்றும், சுற்றிலும் மழை கொட்டியபோது பீடமும் அவரும் மட்டும் நனையவில்லை என்றும் இலங்கைக் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அதன்பின் அரசு முழுவதும் சென்றுவர அவருக்கு அனுமதி கிடைத்தது. ஒல்லாந்தர் வசமிருந்த கொழும்பு, நீர்கொழும்பு முதலிய இடங்களுக்கும் அவர் மாறுவேடத்தில் மறைவாகச் சென்று மக்களைத் திடப்படுத்தினார்.

தனிமையின் பத்தாண்டுகள்

அடிகளார் இலங்கையில் காலடி வைத்தது முதல் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் தீவு முழுவதற்கும் அவர் ஒருவரே குரு. யாழ்ப்பாணத்தில் ஒருவர் மரணப்படுக்கையில் கிடக்க, அடிகளார் கண்டியில் இருப்பார். கண்டியில் குழந்தை ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்க, அவர் கடலோரத்தில் இருப்பார். அவர் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ள மற்றொரு குருவும் அத்தீவில் இல்லை. ஆயிரமாயிரம் பேரின் பாவப்பொறுப்பைத் தீர்த்தவர், தமது பாவங்களைச் சொல்ல ஆளின்றி இருந்தார். பக்தியுள்ள ஒரு குருவுக்கு இதைவிடப் பெரிய ஏக்கம் வேறென்ன?

உதவிக் குருக்கள் வேண்டுமென்று அவர் மன்றாடினார். கோவாவுக்குக் கடிதங்களும் எழுதினார். ஒல்லாந்தரின் காவலைக் கடந்து கடிதம் போய்ச் சேருவதே அரிது. பதில் வருவது அதனினும் அரிது. அந்த ஆண்டுகளில் அவர் ஓய்ந்திருந்தார் என்று சொல்ல ஒரு நாளைக்கூடக் காட்ட முடியாது. நாளை குருக்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்; ஆனால் வராவிட்டாலும் சபை நிலைக்கும்படி இன்றே உழைத்தார். எதிர்பார்ப்பும் உழைப்பும் அவரிடம் இரண்டு கைகளைப் போல இணைந்திருந்தன.

1690-களின் பிற்பகுதியில் கோவாவிலிருந்து அவரது சபைக் குருக்கள் வந்து சேர்ந்தனர். அருட்தந்தை யோசப் மெனேசஸ், அருட்தந்தை யோசப் கர்வாலோ ஆகியோர் அவர்களுள் முன்னவர்கள். அடிகளாரை இலங்கைக்குத் தமது முதன்மைக் குருவாகக் கொச்சி ஆயர் நியமித்த செய்தியும் வந்தது. அந்தச் சந்திப்பில் அடிகளாரின் கண்கள் கலங்கியிருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்ளலாம். கோவாவில் 1685-ல் நட்ட நாற்று, இலங்கையில் கதிர் முற்றிய காலம் அது.

அம்மை நோயில் தாயானவர்

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1697-ம் ஆண்டு கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னரும் பிரபுக்களும் நகரை விட்டு நீங்கினர். நோய் கண்டவர்களைச் சொந்த உறவினரே காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடினார்கள். பிணங்களைப் புதைக்க ஆளில்லை; நரிகளுக்கும் நாய்களுக்கும் இரையாகின. தந்தை தன் பிள்ளையை விட்டு ஓடிய அந்நாட்களில் அடிகளாரும் அருட்தந்தை கர்வாலோவும் ஓடவில்லை.

அவர்கள் நோயாளிகளைத் தேடிக் காட்டுக்குள் சென்றனர். கைவிடப்பட்டவர்களுக்குக் குடிசைகள் போட்டனர். வெறுமையாய்க் கிடந்த வீடுகளை மருத்துவ மனைகளாக்கினர். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனர், சீழைக் கழுவினர், இறந்தவர்களைத் தாமே சுமந்து புதைத்தனர். இவர் கத்தோலிக்கர், இவர் பௌத்தர் என்று பார்க்கவில்லை. ஓராண்டளவு நீடித்த அக்கொடுநோயில் அடிகளார் ஆற்றிய தொண்டைக் கண்டு மன்னரே வியந்தார். சமயம் மாறாத அம்மன்னர் தமது வாழ்நாள் முழுவதும் அடிகளாருக்கு ஆதரவாயிருந்தார். பல ஆண்டுப் பிரசங்கம் தட்டியும் திறவாத கதவுகள் அந்த ஓராண்டு இரக்கத்தால் திறந்தன.

பின்னர் மேலும் குருக்கள் வந்தனர். 1705-ம் ஆண்டு அருட்தந்தை ஜாக்கோமே கொன்சால்வெஸ் வந்தார். அவர் பெரிய அறிஞர். அவரை அடிகளார் மொழிப்பணிக்கு ஊக்குவித்தார். சிங்களத்திலும் தமிழிலும் ஞான நூல்கள் பலவற்றை அவர் இயற்றினார். கண்டியில் 1707-ம் ஆண்டு அரியணை ஏறிய நரேந்திரசிங்க மன்னரும் குருக்களிடம் மரியாதை காட்டினார்.

கண்டியில் இறுதி மூச்சு

ஓயாத நடையும் பட்டினியும் காய்ச்சலும் அடிகளாரின் உடலை அரித்துவிட்டன. இறுதி மாதங்களில் அவரால் எழுந்து நிற்பதும் கடினமாயிற்று. அப்போதும் செபத்தை விடவில்லை. வந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லாமல் அனுப்பவில்லை. தம்மை விட்டு இருபத்து நான்கு ஆண்டுகளாகியும் அவர் தம் தாய்நாட்டுக்குத் திரும்பிச் செல்லவில்லை. 1711-ம் ஆண்டு ஜனவரி 16-ம் நாள், சபையார் சூழ்ந்திருந்து மன்றாட, 59 வயதில் கண்டியில் உயிர் துறந்தார். அவரை அந்நகர் ஆலயத்திலேயே அடக்கம் செய்தனர். பிற்காலக் கலகங்களில் அந்த ஆலயமும் அழிந்தது. இன்று அவரது கல்லறை இருக்குமிடம் எவருக்கும் தெரியாது.

அவர் இறக்கும்போது அவருடைய மன்றாட்டு முழுவதும் நிறைவேறியிருந்ததா? இல்லை. கரையோரங்களில் ஒல்லாந்தரின் தடைச் சட்டம் அப்படியே இருந்தது. பகல் வெளிச்சத்தில் மணியடித்துப் பூசை வைக்கும் நாளை யாழ்ப்பாணத்தில் அவர் காணவில்லை. 1796-ம் ஆண்டு ஒல்லாந்தர் ஆட்சி முடிந்து ஆங்கிலேயர் வந்தனர். 1806-ம் ஆண்டுதான் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் நீங்கின. அடிகளார் இறந்து 95 ஆண்டுகளுக்குப் பின்! அந்நாள் வந்தபோது அதை வரவேற்க இலங்கையில் ஒரு கத்தோலிக்கச் சபை உயிரோடு இருந்ததென்றால், அதற்கு அவரும் அவருக்குப் பின் கோவாவிலிருந்து வந்த சபைக் குருக்களும், ஊர்தோறும் மூப்பர்களும் அண்ணாவிமாருமே காரணம். விடுதலை நாள் தாமதித்தது. ஆனால் விடுதலை பெற வேண்டிய மக்கள் அழிந்து போகாமல் காக்கப்பட்டார்கள்.

அவருடைய பீட வணக்கமும் காத்திருந்தே வந்தது. 1995-ம் ஆண்டு ஜனவரி 21-ம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் கொழும்பு நகருக்கு வந்து அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். 2015-ம் ஆண்டு ஜனவரி 14-ம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அதே கொழும்பு நகரில், காலிமுகத் திடலில், பெருந்திரளான மக்கள் முன்னிலையில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். ஒளிந்து ஒளிந்து கொழும்புக்குள் நுழைந்தவருக்கு, கடற்கரையின் திறந்த வெளியில் அந்த மகிமை கிடைத்தது. ஜனவரி 16-ம் நாள் அவரது திருநாள்.

நமக்கு என்ன?

அன்பார்ந்த பங்கு மக்களே, இப்புனிதரின் வாழ்வை மூன்று வேளைகளில் நாம் நினைவில் கொள்ளலாம்.

முதலாவது, கேட்டது கிடைக்காமல் வேறொன்று கிடைக்கும் வேளை. இலங்கையைக் கேட்டவருக்குக் கன்னட நாடு கிடைத்தது. அதை அவர் தண்டனையாக எண்ணாமல் முழுமனத்தோடு செய்தார். நமக்கும் விரும்பிய படிப்பு கிடைக்காமல் வேறு படிப்பு கிடைக்கலாம். விரும்பிய ஊரில் வேலை அமையாமல் வேறு ஊரில் அமையலாம். அதை அரைமனத்தோடு செய்வோமானால் இரண்டையும் இழந்துபோவோம்.

இரண்டாவது, ஒன்றுமே செய்ய முடியாதபடி கைகால் கட்டப்பட்ட வேளை. நோய்ப்படுக்கை, முதுமை, வழக்கு, கடன், குடும்பப் பிணக்கு இவையெல்லாம் ஒருவகைச் சிறைதான். சிறையில் அடிகளார் ஒரு மொழியைக் கற்றார். ஒரு செபக்கூடத்தைக் கட்டினார். பக்கத்திலிருந்தவனுக்கு ஆறுதல் சொன்னார். படுக்கையில் கிடக்கும் பாட்டி தன் பேரப்பிள்ளைக்கு மங்கள வார்த்தை செபத்தைக் கற்றுக் கொடுத்தால், அவளும் யோசப் வாஸ் அடிகளாரின் வழியில் நடக்கிறாள்.

மூன்றாவது, நாம் தனியாக விடப்பட்டோம் என்று தோன்றும் வேளை. உதவி வருமட்டும் ஒரு வேலையும் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பங்கில் ஆள் இல்லை, பணம் இல்லை, ஒத்துழைப்பு இல்லை என்று நாம் பல நற்காரியங்களைத் தள்ளிப் போடுகிறோம். ஒருவர் மட்டும் பத்தாண்டுகள் ஒரு தீவைத் தாங்கினார். நாமோ பல குடும்பங்கள் கூடிய ஒரு பங்கு. நோயாளி வீட்டுக்குப் போக, மறைக்கல்வி வகுப்பில் ஓர் இடத்தை நிரப்ப, பிரிந்திருக்கும் இரு வீட்டாரைச் சேர்த்து வைக்க நம்முள் ஒருவர் முன்வந்தால் போதும். மற்றவர் தாமாகவே வருவர்.

விழா ஆண்டில் நாம் பின்னோக்கிப் பார்த்து நன்றி கூறுகிறோம். நமது முன்னோரும் பலவற்றைக் கேட்டு, சிலவற்றைப் பெற்று, சிலவற்றுக்குக் காத்திருந்தபடியே கல்லறைக்குச் சென்றவர்கள்தாம். அவர்கள் காணாமல் சென்ற பதில்களுள் சிலவற்றை இன்று நாம் அனுபவிக்கிறோம். நாம் இன்று கேட்டுக்கொண்டிருப்பவற்றுள் சிலவற்றை நமது பிள்ளைகள் காணக்கூடும். அதுவரை விளக்கில் எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொள்வது நமது வேலை. ஆண்டவரின் வேளையை ஆண்டவரே அறிவார். வேலை செய்யும் வேளை எதுவென்று நாம் அறிவோம், அது இன்றே.

இலங்கையின் அப்போஸ்தலரான புனித யோசப் வாஸே, காத்திருக்கும் எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.